புதனும் வெள்ளியும் நீச்சல்

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்கு வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"புதன்கிழமை வர முடியாது வனஜா. அன்னிக்கு நீச்சல் கிளாஸ்."

"ஹௌதா, நிஜமாவா? இந்த வயசுலயா, சரோஜாக்கா?"

"திங்கள் வீணை. செவ்வாய் பேத்தியைப் பார்த்துக்கணும். வியாழன் பஜனை. புதனும் வெள்ளியும் நீச்சல். நேத்துதான் முதல் தடவையா தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தேன்."

வனஜா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "உங்க வீட்டுக்காரர் காவிரியில மூழ்கிப் போனதுக்கப்புறம் நீங்க ஆத்துப் பக்கமே போறதில்லையேக்கா?"

"போறதில்ல. அன்னிக்கு நான் கரையிலதான் நின்னேன். நீந்தத் தெரியாது. கத்தத்தான் முடிஞ்சது."

"இப்ப கத்துக்கிட்டு என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா தண்ணிக்குள்ள ஒரே இருட்டா இருந்திருக்கும், பயந்திருப்பார்னு தினமும் நினைச்சுப்பேன்."

வனஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி இருட்டா இல்ல வனஜா. மேலேருந்து வெளிச்சம் வருது."