ஆயா பாபு

— குடுங்க அவள. சாத்தம் பாலத்துல இருந்து இந்த ஃபெர்ரித் துறை வரைக்கும் ஓடியே வந்தேன், மூச்சு வாங்குது. பால் குடிச்சாளா?

— குடிச்சா. கஞ்சியில பாதி அவளுக்கு, பாதி என் சட்டைக்கு. என்னா சுசீ இம்புட்டு லேட்டு? மில்லுல சங்கு ஊதிட்டா எனக்கு ஆப்சென்ட் போட்டுருவாய்ங்க.

— ஸ்கூல்ல கடைசி பீரியடு எனக்குத்தான். வாடி ஜெயா, அம்மாகிட்ட வா. பாருங்க, உங்க கழுத்த விடமாட்டேங்கிறா.

— காலையில இருந்து என்கூடத்தான கெடக்கா. போத்தா, அம்மாகூட ஃபெர்ரியில வீட்டுக்குப் போ. அப்பா சாயங்கால டியூட்டிக்குப் போகணும்ல.

— அரே ஆயா பாபு! ஜல்தி, ஜல்தி!

— கேட்டீங்களா? ஃபெர்ரிக்காரன்கூட உங்கள ஆயான்னு கூப்பிடறான்.

— கூப்பிட்டுட்டுப் போறான். புள்ள வளக்குறவங்கள வேற என்னான்னு கூப்பிடுவாய்ங்க? நல்ல பேருதான்.

— எனக்கு நெஞ்சு எரியுதுங்க. பி.ஏ. படிச்சவரு நீங்க. உங்க மில்லு பெரிய சாப் ஹெட் கிளார்க் வேலை தர்றேன்னாராமே, பகல் டியூட்டி. எங்கிட்ட நீங்க சொல்லவேயில்ல.

— அதுக்குள்ள உங்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்துருச்சா? இந்தத் தீவுல கப்பல்தான் லேட்டா வரும், சேதி முந்தி வந்துரும்.

— எடுத்துக்குங்க. நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இருந்துடறேன்.

— பி.எஸ்சி., பி.டி. படிச்சுட்டு அடுப்பு ஊதவா?

— ஊர்ல எல்லாப் பொம்பளையும் ஊதலையா?

— டீச்சரம்மா! நல்ல சாளை மீனு கெடக்கு, வேணுமா? ஏ கிளியே, அம்மை வந்துட்டாளா? இவ நடையப் பாத்தா எனக்கு ஒரே சிரிப்பாணி. நேத்து எங்க வாசல் வரைக்கும் தத்தித் தத்தி லாத்திட்டு வந்தாளே!

— நடையா? கிளாராக்கா, என்ன சொல்றீங்க?

— அக்கா, உங்க கூடையில காக்கா, பாருங்க!

— காக்காயா? கூடை மூடித்தான கெடக்கு. ஓ... டீச்சருக்குத் தெரியாதோ! யேசுவே, எம் வாயில மண்ணு. நா வாறேன்.

— எப்ப நடந்தா?

— அது வந்து...

— எப்பங்க?

— திங்கக்கெழம. சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். பின்னால இருந்து வேட்டியப் புடிச்சு இழுக்குது. திரும்பினா, பாயில கெடந்தவ அங்கன நிக்கிறா! கஞ்சியக் கால்ல ஊத்திக்கிட்டேன்.

— எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?

— தெனமும் நீ வீடு சேர்றதுக்குள்ள இவ ஃபெர்ரியிலயே தூங்கிடுறா, ஞாயித்துக்கெழம நீ பகலெல்லாம் வீட்டுல இருப்பல்ல. உன் கண்ணு முன்னால நடப்பா, நீயே மொதல்ல பாத்ததா இருக்கட்டும்னுதான்...

— பெத்த மக நடந்தத மீன்காரக்கா வந்து சொல்லணுமா எனக்கு? போதுங்க. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்.

— அழுகாத சுசீ. நீ பாக்கலையேன்னு எனக்கும் வருத்தந்தான். ஆனா எழுதிக் குடுக்காத. நான் சாப்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்.

— ஐயோ, எனக்காகவா? எனக்காக இன்னும் எதைத்தான் விடுவீங்க? அவருகிட்ட என்ன காரணம் சொன்னீங்க?

— கோவிச்சுக்க மாட்டியே?

— சொல்லுங்க.

— எம் பொண்டாட்டி ஒரு ராட்சசி சார், வேலைய விடவே மாட்டேங்கிறா, நான் என்னா செய்யன்னு கேட்டேன். அவரும் பாவம்னு தோளத் தட்டிக் குடுத்தாரு.

— நானா? நான்தான் விடறேன் விடறேன்னு நிக்கிறேனே!

— அதான் பயந்து கெடக்கேன். எங்கப்பா பர்மாவுல இருந்து வந்தப்ப, யாரும்மா இந்த ஆளுன்னு கேட்டவன் நான். இவ கண்ணு முழிச்சதும் என் மூஞ்சியத் தேடுறா சுசீ. அந்தக் காலைப் பொழுத விட்டுட்டு ஹெட் கிளார்க் நாற்காலியில போய் உக்கார எனக்கு இஷ்டமில்ல. அத அவருகிட்டச் சொல்ல முடியுமா? ஆம்பள சொல்ற காரணமா அது?

— என்னங்க...

— ஃபெர்ரி ஊதுறான், ஏறு. எனக்காக சுசீ... இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்த ராட்சசியாவே இரு.