வலி நின்ற காலை

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, ஐயா. மழைக்காலம் வந்தால் எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்து பேசினால் கோர்வையாகச் சொல்லிவிடுவேன்.

சுதந்திரம் வந்தபின் செவந்தி கொடுத்த மனுவைப் படித்துக் காட்டினீர்கள். தன் புருஷன் அடைக்கலம் காவலில் வைத்தியமில்லாமல் செத்ததற்கு ஜெயிலர் வெள்ளைச்சாமிதான் காரணம் என்கிறாள். டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார் என்றும் சொல்லியிருக்கிறாள். பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது. அந்த டாக்டர் நான்தான்.

அடைக்கலமும் நானும் அரிமளத்தில் ஒரே தெருக்காரர்கள். நான் டாக்டருக்குப் படித்தேன், அவன் நாடகத்துக்குப் போனான். மேடையில் அவன் விழுந்து செத்தால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். படிக்கிற காலத்தில் முதல் ஆபரேஷனைப் பார்த்து நான் மயங்கி விழுந்ததை அவனிடம் மட்டும்தான் சொன்னேன். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

நாற்பத்திரண்டில் ஆலங்குடி சந்தையில் ஒரு நாடகம் போட்டான். வெள்ளைக்காரனையும் அவனுக்குக் கும்பிடு போடுபவர்களையும் கேலி செய்கிற நாடகம். அதில் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் கத்தியைக் கண்டதும் மயங்கி விழுவார். அடைக்கலம் என்னைப் போலவே நடந்தான், என்னைப் போலவே தொண்டையைச் செருமினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். அன்று முதல் கடைத்தெருவில் எனக்கு மயக்க டாக்டர் என்று பெயர். நம்பிச் சொன்னதை ஊர் சிரிக்க விற்றுவிட்டான். வயிறு எரிந்தது, ஐயா.

அந்த நாடகத்துக்காகவே அவனைப் பிடித்தார்கள். பழைய நெல் கிடங்கு ஒன்றைச் சிறையாக்கி, கதர்க்காரர்களோடு அவனையும் அடைத்தார்கள். அங்கே டாக்டராக என்னைப் போட்டார்கள்.

ஒருநாள் அவனுக்கு வயிற்றுவலி என்று ஆள் வந்தது. போனேன். சுருண்டு கிடந்தவன் என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தான்.

"வந்துட்டியா மாப்ள. இனி எனக்குப் பயமில்ல. இங்கிட்டுத்தான் உயிர் போகுது" என்று வலது அடிவயிற்றைக் காட்டினான்.

அழுத்திப் பார்த்தேன். குடல்வால் வீங்கியிருந்தது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் அன்றே அறுத்தால் பிழைப்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளைச்சாமி முரடர்தான். ஆனால் வாசலில் மோட்டார் வண்டியைத் தயாராக நிறுத்தியிருந்தவர் அவர். "ஏத்திருவமாங்க டாக்டர்? எங்காவல்ல ஒருத்தன் செத்தா நான்ல பதில் சொல்லணும்" என்றார்.

"வேணாங்க. அவன் சாகுறத நான் மேடையில எத்தனையோ தடவ பாத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயி அங்கருந்து ஓடப் பாக்குறான்" என்றேன்.

அவன் நடிப்பைப் பார்க்காதவர் யார்? உடனே நம்பினார்கள். மோட்டார் திரும்பிப் போனது. மற்றக் கைதிகள் கதவைத் தட்டிக் கத்தினார்கள். அவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். அது என் உத்தரவு இல்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். "வலி நின்னுருச்சு மாப்ள. ஒம் மருந்துதான்" என்றான். நான் கொடுத்தது வெறும் சோடா உப்புத் தண்ணீர். குடல்வால் உள்ளே வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான் வலி நிற்கும். அப்போதாவது மோட்டாரைக் கூப்பிட்டிருக்கலாம். நான் ஜெயிலரிடம், "பாத்தீங்களா, எந்திரிச்சு உக்காந்துட்டான்" என்றேன்.

வெளியே செவந்தி நின்றிருந்தாள். "நல்லாயிட்டான், வீட்டுக்குப் போ தங்கச்சி" என்றேன். "நீங்க உள்ள இருக்கீங்கன்னுதாண்ணே நான் ராத்திரி கண்ணசருறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த நாள் அவன் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னய வச்சு ஊரச் சிரிக்க வச்சது தப்பு மாப்ள. மனசுல வச்சுக்காத" என்றான். இல்லை, மன்னித்துவிட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பொழுது சாயும்போது போய்விட்டான்.

ஜெயிலரை விட்டுவிடுங்கள், ஐயா. பிழைக்க வேண்டியவனை நான்தான் தெரிந்தே சாகவிட்டேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் எனக்குச் செய்த துரோகத்தை மன்னித்த பிறகுதான் அவன் உயிர் போனது.