மலைமேல் துலாபாரம்

திருச்செங்கோடு போகும் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு தம்பதி. அந்த அம்மாள் மடியில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. காலடியில் துலாபாரத்துக்கு வெல்ல மூட்டை.

"பூமிய உட்டு ஒசரப் போகப் போக எடை கொறையுமாம் புள்ள, வாத்தியார் சொன்னாரு. நெலா தூரத்துக்குப் போனா பாப்பா ரெண்டு புளியங்கொட்டை கனந்தானாம். மலைமேலயே நிறுப்போம், வெல்லம் மிச்சமாகும்" என்றார் கணவர்.

"ஏனுங்க, வெல்லமும் மலைமேலதானுங்க இருக்கும்? அதும் கொறையுமில்லீங்க?"

அவர் யோசித்தார். "அட, ஆமா."

"ஐப்பசில சீக்கு வந்து எலும்பும் தோலுமாக் கெடந்தாளே. கனமா ஆவோணும்னுதானுங்க வேண்டுனோம்!"

அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மலை கண்ணில் பட்டபோது, "காலு மரத்துப்போச்சு புள்ள" என்றார். குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.