குசினி வாசலில் டிக்கட்டோடு

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவர்களுக்குள் பழக்கம். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“டிக்கட் எடுத்துட்டும் குசினி வாசல்லதான் போய் நின்னேன்.”

முக்காடு போட்டிருந்த இளையவர் திரும்பினார். “எங்க அக்கா?”

“மலை மேல இருக்கே அந்தப் பெரிய பங்களா, இப்ப டிக்கட் போட்டு சித்திரமெல்லாம் காட்டுறாங்களே. இருபத்திரண்டு வருசம் அங்க வேலை செஞ்சேன். வீட்டு எசமானி நோனா தவறின பொறகு இன்னைக்குத்தான் போனேன். கால் தானா பின்பக்கம் சமையல்கட்டுக்குப் போயிருச்சு.”

“நீங்க வேல செஞ்ச ஊடுன்டு செல்ல இல்லையா?”

“சொன்னா குசினியிலயே கதிரை போட்டு உக்கார வச்சிருப்பாங்க. காவக்காரர் முன்வாசலக் காட்டுனாரு. அந்த வாசலால நான் நுழைஞ்சதே இல்ல. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டேன்.”

“சித்திரமெல்லாம் ஈக்கா?”

“எல்லாம் அதது இடத்துல இருக்கு. சாப்பாட்டு அறையில ஒரு தாடிக்காரப் பெரியவர் படம். தெனம் காலையில மொதல்ல அவரத்தான் தொடைப்பேன். இன்னைக்குச் சட்டமெல்லாம் தூசி. முந்தானைய எடுத்தேன், தொடக்கூடாதுன்னு சத்தம் போட்டாங்க.”

“தனியாவா போனீங்க?”

“எங்கூட வர யாரு இருக்கா? தெரிஞ்ச முகம்னு இந்த ஊர்ல மிச்சம் அவருதான். அவரையும் தூசியோட விட்டுட்டு வந்துட்டேன்.”