கட்டைப் பிரிக்கும் முன் அனுமதி கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெரியோர்களே, மாமர நிழலில் இடம் போதாமல் வெயிலிலும் நிற்கும் தபோரா நகரத்து உறவுகளே! நேற்று நாம் மண்ணுக்குக் கொடுத்த இயன்முறை மருத்துவர் தியோபிஸ்டா கசாண்டா அவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவரிடம் திட்டு வாங்கியே பழகியவள் நான். இனி என்னைத் திட்ட யார் இருக்கிறார்?

அந்தக் காலத்தை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. எங்கள் மருத்துவமனைச் சன்னலுக்கு வெளியே வறுத்த நிலக்கடலை வாசனை, உள்ளே ஆறாத புண்களின் வாடை, நடுவில் அவருடைய அதட்டல்! அப்படி அதட்டுகிறவர், காயக் கட்டின்மேல் கை வைக்கும் முன் மட்டும் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல் "ஹோடி" என்று குரல் கொடுப்பார். நோயாளி "கரிபு", உள்ளே வாருங்கள், என்ற பிறகே பிரிப்பார். நாங்கள் சிரிப்போம்.

"சிரிங்கடி, நல்லாச் சிரிங்க. அது அவங்க வீடு. கேக்காம எப்படி உள்ள நுழையறது?"

சைக்கிளில் ஆளேற்றிப் பிழைக்கும் ஷிஜாவை நீங்கள் அறிவீர்கள். வலது பாதத்தில் ஆறாத புண். காலை எடுப்பதென்று அறுவை மருத்துவர் லுகங்கிரா நாள் குறித்துவிட்டார். கால் போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? தியோபிஸ்டா அவன் படுக்கையருகே போய் "ஹோடி" என்றார். பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் திரும்பிவிடுவதுதானே நம் வழக்கம்? திரும்பியே விட்டார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலே போகப்போகுது, நீங்க மரியாதை பாத்துட்டிருக்கீங்களா?"

"பயந்து கதவைச் சாத்தியிருக்கான். இடிச்சுத் திறந்தா வாயைத் திறக்க மாட்டான்."

அன்று மாலை ஷிஜாவே ஆளனுப்பினான். "அந்த அம்மாவ வரச் சொல்லுங்க. மத்தவங்கல்லாம் பிரிச்ச உடனே மூக்கப் பொத்திக்கறாங்க."

இவர் மூக்கைப் பொத்தவில்லை, குனிந்து முகர்ந்தார். புண்ணின் நிறத்தையும், தடித்துக் கிடந்த விளிம்பையும் பார்த்தார். மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்தார், எலும்பில் தட்டவில்லை. கணுக்காலின் பின்னே விரல் வைத்தார், நாடி துடித்தது; பாதத்துக்கு இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அவன் கண்களை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார்.

"எப்பம்மா தொடப்போறீங்க?" என்றான் ஷிஜா.

தொட்டு முடித்திருந்தார்! உணர்வே இல்லாத பாதம். "உன் சைக்கிளைக் கொண்டாரச் சொல்லுப்பா," என்றார். வந்தது. மிதிகட்டையில் ரப்பர் போய் இரும்பு மட்டும் நின்றது. அது அழுத்திய இடத்தில்தான் புண் இருந்தது.

டாக்டர் லுகங்கிராவும் வந்து நாடியைத் தொட்டுப் பார்த்தார். "சரி, தள்ளிப் போடறேன். மோசமானா வெட்டத்தான் செய்வேன்."

ஆறும்வரை சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று ஷிஜாவிடம் சொல்லிவிட்டு, வாராவாரம் கண்ணாடித் தாளை வைத்துப் புண்ணின் எல்லையை வரைந்தார் தியோபிஸ்டா. கோடு சுருங்கியது. ஒருமுறை விரிந்தது. "நேத்து மிதிச்சியா இல்லையா? பொய் சொல்லாத!" என்று அவர் போட்ட சத்தம் எதிர்க் கடைவரை கேட்டது. ஆனாலும் புண் ஆறியது.

நண்பர்களே! அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் சொல்வது எளிது. நேற்று கல்லறைக்குக் குழி தோண்டியவர்களில் ஷிஜாவும் ஒருவன். மண்வெட்டியை உணர்வில்லாத அந்த வலது காலால்தான் அழுத்தினான். எல்லோரும் கலைந்த பிறகு, "ஷூவைக் கழட்டுப்பா, பாக்கணும்," என்றேன். ஈரமண்ணில் உட்கார்ந்து பாதத்தை நீட்டினான். விரல் விரலாகப் பார்த்தேன். கீறல் இல்லை. "நல்லாயிருக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் நான் அழுதேன்.