கோட்டைவீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு தாய்மாமன்

உசிலம்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும்.

"மாப்ளைக்குச் சொந்தமாக் கோட்டை இருக்காம்ணே. ஜெர்மனியில பிரபு வம்சமாம். இருபது தலைமுறைப் பேரு அனுப்பியிருக்காக. எம் மகளை நீ ஒன் மகனுக்குக் கேட்டது வாஸ்தவந்தான், கோவப்படாமப் பாருண்ணே."

செக்கானூரணி வரும்வரை அவர் அவளுடைய போனில் அந்தப் பேர்களைப் படித்தார்.

"அம்புட்டும் அப்பன், பாட்டன் பேரு. தாய்மாமன் ஒருத்தனையும் காணோமே? கல்யாணத்துல மாலை யாரு எடுத்துக் குடுப்பா?"

"அங்க அந்த வழக்கமே இல்லையாம்ணே."

"அடப்பாவமே!"

போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எம் பொண்டாட்டி தம்பியை மாப்ளைக்கு மாமனா நிக்கச் சொல்றேன்."

"ஒன் மச்சினனையா?"

"எம் பிள்ளைகளுக்கு மாமன் அவன்தான? அப்ப அந்த மாப்ளையும் எனக்கு மகன்தான். அழுகாத. ஒம் மகளை எம் மகனுக்குத்தான கேட்டேன்?"