ஏத்தத்துக்கு ஆகாத பாரம்

“எங்க வீட்டுக்காரரு என்னையப் பாரம்னு சொல்லி எறக்கிவிட்டுட்டாருங்க.”

கினிகத்தேனையில் ஹட்டன் பஸ் ஏறி, எனக்கு முன்னால் உட்கார்ந்த அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தார்.

“எதுலருந்துங்கக்கா?”

“அவரே தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல வச்சுச் செஞ்ச வண்டிங்க. மேல சோலார் தகடு, கீழ ரெண்டு பேருக்கும் பெடல். மன்னார் வரைக்கும் போயிட்டு ஹட்டனுக்குத் திரும்புறோம்.”

“மன்னாருக்கா!”

“அங்க அடிக்கிற வெயிலுக்கு மிதிக்கவே வேணாம், சும்மா பறந்துச்சு. இங்க மலைக்கு வந்தா ஒரே பனிமூட்டம். கரண்டு பத்தல, ஒரு ஆளு கொறஞ்சா ஏத்தம் ஏறிடும், நீ பஸ்ஸில போன்னாரு.”

“நீங்களும் எறங்கிட்டீங்களா?”

“பெரிய மெக்கானிக்கு மாதிரி சொன்னாரே, எறங்கிட்டேன்.”

பஸ் இரண்டு வளைவு திரும்புவதற்குள் அக்காவின் ஃபோன் அடித்தது.

“சொல்லுங்க... நகரவே மாட்டேங்குதா? அப்ப இவ்வளவு நேரம் யாரு மிதிச்சதாம்?”

ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஹட்டன் இன்னும் வரலயேக்கா” என்றார் கண்டக்டர்.

“தெரியும் தம்பி. மணிய அடிங்க, இஞ்சின் எறங்குது.”